நாற்காலி கிடைத்தது, கடவுச்சொல் யாரிடம்?

ஊராட்சித் தலைவரின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நாம் நாற்காலியைத்தான் காட்டுவோம். அந்த நாற்காலிக்காக உயிரையே கொடுத்திருக்கிறோம். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 தொடங்கிப் பத்தாண்டு காலம் ஒரு தலித் தலைவரை நிலைக்க விடவில்லை. 2006-ல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரை மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் நாடு முழுவதும் பரவியது. 2022 ஆகஸ்டில், தலித் தலைவர்கள் தடையின்றித் தேசியக் கொடி ஏற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நாற்காலியும் கொடியும் பெயர்ப்பலகையும் கண்ணுக்குத் தெரிபவை. பறிக்கப்பட்டால் படம் எடுக்கலாம், வழக்குப் போடலாம். ஆனால் ஊராட்சியின் பணம் இன்று நாற்காலியிலிருந்து நகர்வதில்லை. பென்டிரைவ் போல இருக்கும் ஒரு டோக்கன், அதற்கொரு பின் நம்பர், ஒரு கைப்பேசிக்கு வரும் ஓடிபி. இவை மூன்றும் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நடைமுறையில் தலைவர். அது அவர் கையில் இல்லாமல் போவதை யாரும் படம் எடுக்க முடியாது. இளைய தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பொறுப்பு ஒன்று, அனுமதி வேறு

அலுவலக மென்பொருள் எதை எடுத்தாலும் அதில் இரண்டு சொற்கள் இருக்கும். ஒன்று ரோல், இன்னொன்று பெர்மிஷன். ரோல் என்பது பொறுப்பு: தலைவர், துணைத்தலைவர், செயலர், வட்டார வளர்ச்சி அலுவலர். பெர்மிஷன் என்பது அந்தப் பொறுப்பில் இருப்பவர் என்ன செய்யலாம் என்பது. பார்க்கலாமா, பதிவிடலாமா, திருத்தலாமா, ஒப்புதல் தரலாமா? இந்த நான்குக்கும் மேலே ஐந்தாவதாக ஒன்று உண்டு. அடுத்தவருக்கு அனுமதி கொடுக்கவும் பறிக்கவும் உள்ள அனுமதி. அதை வைத்திருப்பவர் அட்மின்.

ஊராட்சிகளுக்காக ஒன்றிய அரசு 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளமும் இப்படித்தான் இயங்குகிறது. 15-ஆவது நிதிக்குழு மானியத்தைச் செலவிட, அந்தத் தளத்தை பி.எஃப்.எம்.எஸ். என்ற பணப் பரிமாற்றத் தளத்தோடு இணைத்திருக்கிறார்கள். ஒருவர் பட்டியலைப் பதிவிட்டுக் கையொப்பமிட வேண்டும். இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். இரண்டும் டிஜிட்டல் கையொப்பம். ஊராட்சிகளில் டி.எஸ்.சி. என்று சொல்வது இதைத்தான்.

இந்த இரட்டைப் பூட்டு நல்ல ஏற்பாடு. ஒரே ஆள் எழுதி ஒரே ஆள் எடுத்துக்கொண்டால் திருட்டு எளிது. ஆனால் பூட்டு இரண்டாக இருந்தால் மட்டும் போதாது, சாவிகளும் இரண்டு கைகளில் இருக்க வேண்டும். பல ஊர்களில் நாம் பார்ப்பது என்ன? தலைவரின் டோக்கனும் துணைத்தலைவரின் டோக்கனும் ஒரே மேசை இழுப்பறையில் கிடக்கின்றன, பின் நம்பர் ஒரு சீட்டில் எழுதி அதோடு ஒட்டப்பட்டிருக்கிறது. செயலர் வைத்திருப்பார், இல்லையென்றால் ஒன்றிய அலுவலகத்துக் கணினி இயக்குநர். தலைவருக்குப் போன் வரும்: ‘அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும், படிச்சுச் சொல்லுங்க.’ அவர் ஆறு இலக்கத்தைப் படித்துச் சொல்வார். எந்த வேலைக்கு, எந்த ஒப்பந்ததாரருக்கு, எவ்வளவு என்று அந்த ஆறு இலக்கத்தில் எழுதியிருக்காது. பின்னால் தணிக்கை வந்தால் கணினி ஒரே பெயரைத்தான் சொல்லும், தலைவரின் பெயரை.

அதாவது அனுமதி ஒருவரிடம், பழி இன்னொருவர் மீது. முறைகேடு என்று வந்துவிட்டால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 205-ஆவது பிரிவில் தலைவர்தான் பதவி இழப்பார். டோக்கனை வைத்திருந்தவரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

மலையின் இரண்டு சரிவுகள்

ஜவ்வாது மலை இதைப் புரிந்துகொள்ள நல்ல இடம். மலை ஒன்று, மாவட்டம் மூன்று. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஒன்றியமும் அதன் 11 ஊராட்சிகளும் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கின்றன. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு திருப்பத்தூர் மாவட்டத்தில். பீஞ்சமந்தையும் பாலாம்பட்டும் ஜார்தான்கொல்லையும் வேலூர் மாவட்டத்தில். மூன்று பக்கமும் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள்.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. அங்கே பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. உடனே தேர்தல் நடத்தாமல் அரசு தனி அலுவலர்களிடம் ஊராட்சிகளை ஒப்படைத்தது. வேலூரும் திருப்பத்தூரும் மாவட்டப் பிரிப்பின் காரணமாக 2021 அக்டோபரில் தேர்தல் கண்டவை. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபர் வரை. ஆகவே 2025 ஜனவரிக்குப் பிறகு ஒரே மலையின் ஒரு சரிவில் கணினிக்குள் மக்கள் பிரதிநிதியின் பெயர் இருந்தது, மறு சரிவில் அதிகாரியின் பெயர் இருந்தது. கோவிலூர், நம்மியம்பட்டு, வீரப்பனூர், கானமலை என்று தனித்தனியாக மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் இடங்கள் எல்லாம் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. பதவிக்காலம் முடிந்த தலைவரின் அனுமதியை நீக்க நிர்வாகத்தால் முடிகிறது, அதுவும் தேதி குறித்து முடிகிறது. அப்படியென்றால் புதிய தலைவர் பதவியேற்கும் அன்றே அவருக்கு அனுமதி கொடுக்கவும் முடியும். ‘டோக்கன் இன்னும் வரலை’, ‘நம்பர் மாத்தணும், மேலே எழுதியிருக்கோம்’ என்று வாரக்கணக்கில் இழுப்பதற்குத் தொழில்நுட்பம் காரணமில்லை. அந்த இடைவெளியில் ஊராட்சியை யார் நடத்துகிறார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கணினி வரை போகவே முடியாதவர்களும் உண்டு. திருப்பத்தூர் மாவட்டத்திலேயே, ஆம்பூரை ஒட்டிய நாயக்கனேரி மலை ஊராட்சி 2021-ல் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரே ஒருவர் மனுச் செய்து போட்டியின்றித் தேர்வானார். பழங்குடியினர் நிறைந்த மலை இது, ஒதுக்கீடு தவறு என்று ஊரார் எதிர்த்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் போனது, பதவியேற்பு தடைபட்டது. இதை தலித்துக்கும் பழங்குடிக்கும் நடந்த சண்டையாக மட்டும் பார்த்தால் நாம் ஏமாந்துபோவோம். எந்த ஊருக்கு எந்த ஒதுக்கீடு என்ற முடிவு மலையில் எடுக்கப்படவில்லை. அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் கீழே இருந்தார்கள். பகை மட்டும் மேலே விளைந்தது. பொறுப்புகளை வரையறுப்பவர் யார் என்ற கேள்வியை மறந்துவிட்டு, பொறுப்பு கிடைத்தவரோடு மட்டும் மோதிக்கொண்டிருப்பது ஒடுக்கப்பட்ட இரண்டு தரப்புக்குமே நட்டம்.

துணைத்தலைவர் என்ற தாழ்ப்பாள்

தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவி சுழற்சி முறையில் நமக்கு வருகிறது. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இந்தச் சுழற்சி கிடையாது. விளைவு தெரிந்ததுதான். தலித் தலைவர் வரும் ஊரில் ஆதிக்கச் சாதி தன் ஆளைத் துணைத்தலைவர் ஆக்குகிறது. அவர் கையெழுத்துப் போட மறுத்தால் தெருவிளக்கு எரியாது, தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் போகாது. ஊரே தலைவரைத்தான் திட்டும்.

காகிதக் காலத்தில் இதை மறுப்பு என்றார்கள். கணினியில் அது ‘நிலுவை’ என்ற ஒரு சொல்லாக நிற்கிறது. ஏன் நிலுவை, எத்தனை நாளாக நிலுவை, காரணம் என்ன என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. சாதி காட்டும் எதிர்ப்பு ஒரு தொழில்நுட்பத் தாமதம் போல வேடம் போட்டுக்கொள்கிறது.

இரண்டாவது கையொப்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மவர் தலைவரானாலும் கண்காணிப்பு வேண்டும். ஆனால் ‘சரிபார்க்கும் அனுமதி’யும் ‘காரணம் சொல்லாமல் முடக்கும் அனுமதி’யும் ஒன்றாகாது. ஒப்புதல் தர மறுப்பவர் காரணத்தைப் பதிவிட வேண்டும். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் கோப்பு தானாக அடுத்த நிலைக்குப் போக வேண்டும். வங்கிகளிலும் தனியார் நிறுவனங்களிலும் ஓடும் சாதாரண மென்பொருளில்கூட இந்த வசதி உண்டு. ஊராட்சிக்கு மட்டும் ஏன் கூடாது?

திருத்தும் அனுமதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். வருகைப் பதிவுக்கான என்.எம்.எம்.எஸ். செயலி 2021 மே மாதம் அறிமுகமானது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயன்பெறும் பணிகள் நீங்கலாக எல்லாப் பணிகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். பெரும்பாலும் இவர் அந்த ஊர்ப் பெண். அவருக்கு இருக்கும் அனுமதி அனுப்புவது மட்டும். சிக்னல் கிடைக்காத மலைச்சரிவில் படம் ஏறவில்லை என்றால்? பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். அதுவும் தவறினால் கையால் வருகையைப் பதிவு செய்யும் அதிகாரத்தை மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு, அதாவது ஆட்சியருக்குக் கொடுத்தார்கள். நாள் முழுக்க மண் வெட்டியவர் நம்மியம்பட்டில் இருக்கிறார். அவர் வேலை செய்தார் என்று திருத்திச் சொல்லும் அனுமதி மலையிறங்கிப் போளூர் தாண்டித் திருவண்ணாமலையில் இருக்கிறது.

தவறு நடக்கும் இடத்துக்கும் அதைத் திருத்தும் இடத்துக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தில்தான் ஏழையின் கூலி தொலைந்துபோகிறது.

மேலே உட்கார்ந்து ஒரு கட்டத்தைச் சேர்ப்பவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதற்கு இன்னொரு சான்று 2021 மார்ச்சில் வந்தது. நூறு நாள் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர்கள் என மூன்றாகப் பிரித்து அனுப்ப வேண்டும் என்று ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் சொன்னது. ஒரே வாய்க்காலில் ஒன்றாக வேலை செய்தவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி வந்தது. ‘உனக்கு மட்டும் எப்படி வந்தது’ என்ற கேள்வி ஊருக்குள் புகுந்தது. எதிர்ப்பு வந்த பிறகு அதே ஆண்டில் கைவிட்டார்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கே வேறு சட்டம் வந்துவிட்டது. சட்டம் மாறினாலும் செயலி போகப்போவதில்லை. அதில் யாருக்கு என்ன அனுமதி என்ற கேள்வியும் போகாது.

‘அந்தம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே’

இந்தப் பேச்சு எடுத்தாலே வரும் பதில் இது. எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் பத்திரம் எங்களிடமே இருக்கட்டும் என்று பண்ணையார்கள் சொன்னதன் இன்றைய வடிவம். டோக்கனைச் செருகி, பின் நம்பர் போட்டு, திரையில் இருக்கும் தொகையைப் படித்து, ‘ஒப்புதல்’ என்பதை அழுத்துவது ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதைவிடக் கடினமான வேலை இல்லை. அதைக் கற்றுத்தர ஒரு நாள் போதும். கற்றுத்தர மனமில்லாதவர்கள்தான் தெரியாது என்கிறார்கள்.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். டோக்கன் செயலர் கையிலிருந்து மீண்டு வந்து தலைவரின் கணவர் சட்டைப் பைக்குள் போனால் அது மீட்பு ஆகாது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. பதிவு செய்யப்பட்ட கைப்பேசி எண் அவருடையதா, அவர் வீட்டுக்காரருடையதா என்று கேட்க நம் தோழர்களே தயங்குகிறார்கள். தயங்கக் கூடாது.

சட்டம் நம் கையில் என்ன கொடுத்திருக்கிறது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தைப் படியுங்கள். பிரிவு 3(1)(எம்): பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ அவரது வழக்கமான பணிகளைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. பணத்துக்கு ஒப்புதல் தருவது தலைவரின் வழக்கமான பணி என்றால், அவரது டோக்கனைப் பிடுங்கி வைத்துக்கொள்வது அந்தப் பணியைத் தடுப்பதுதான். இந்த வாதத்தை நாம் புகார் மனுக்களில் எழுதத் தொடங்க வேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் இரண்டு பிரிவுகள். 42-ஆவது பிரிவு, டிஜிட்டல் கையொப்பத்தின் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும் கடமை அதற்குரியவருக்கே உண்டு என்கிறது. ‘ஆபீஸ்லயே இருக்கட்டும்மா’ என்று கேட்பவரிடம் இதைக் காட்டலாம். 66சி, இன்னொருவரின் மின்னணுக் கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ நேர்மையற்ற முறையில் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று, ஓர் ஆளுக்கு ஒரு லாகின். யாருடையதையும் யாரும் பகிரக் கூடாது. உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த ஆளுக்குத் தனி லாகின் கொடுத்து, பதிவிடும் அனுமதியை மட்டும் தரட்டும்.

இரண்டு, பதவியேற்பு நாளிலேயே டோக்கன். பின் நம்பரைத் தலைவரே தன் கையால் மாற்ற வேண்டும். ஓடிபி அவர் எண்ணுக்கே வர வேண்டும், எதற்கு எவ்வளவு தொகை என்பது தமிழில் அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருக்க வேண்டும்.

மூன்று, காரணமில்லாமல் நிலுவையில் வைக்கத் தடை, பதிலுக்குக் கால வரம்பு.

நான்கு, எந்த லாகின் எந்த நாளில் என்ன செய்தது என்ற பதிவேட்டைத் தலைவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்க வேண்டும். அது கிராம சபையிலும் வைக்கப்பட வேண்டும்.

ஐந்து, கூலியைத் திருத்தும் அனுமதி குறைந்தபட்சம் ஒன்றிய அளவுக்காவது இறங்கி வர வேண்டும்.

இவை கோரிக்கைகள். இன்றே செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் ஊராட்சியின் வரவு செலவுகளை இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்து, தலைவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: ‘அக்கா, இதுக்கு நீங்க ஒப்புதல் குடுத்தீங்களா?’ அவருக்குத் தெரியாத செலவு ஒன்று இருந்தாலே அங்கே ஒரு வழக்கு இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: டோக்கன் எந்தத் தேதியில் வழங்கப்பட்டது, கையெழுத்திட்டு வாங்கியவர் யார், பயிற்சி எப்போது தரப்பட்டது? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை உண்டு. ஏதாவது ஒன்றில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக நம் அமைப்புகளைப் பற்றி. உண்மை அறியும் குழு அறிக்கைகளும், பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர்களும், சாட்சிகளின் எண்களும் நம் கூகுள் டிரைவிலும் வாட்ஸப் குழுவிலும் கிடக்கின்றன. இணைப்பு கிடைத்த எல்லோரும் திறந்து பார்க்கலாம் என்ற நிலையில் எத்தனை கோப்புகள் இருக்கின்றன? அமைப்பை விட்டுப் போனவரின் அனுமதியை நீக்கினோமா? பெண் பொருளாளர் என்று பெயர் போட்டிருக்கிறோம், வங்கிக் கணக்கின் கடவுச்சொல் அவரிடம் இருக்கிறதா, ‘அண்ணன்’ ஒருவரிடம் இருக்கிறதா? அரசிடம் கேட்பதை நமக்குள் செய்து காட்ட இந்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். யாருக்குப் பார்க்கும் அனுமதி, யாருக்குத் திருத்தும் அனுமதி, அட்மின் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் எல்லா வரியிலும் வந்தால் மாற்றுங்கள்.

கிராமத்தை அப்படியே நம்பி அதிகாரத்தை ஒப்படைக்க அண்ணல் அம்பேத்கர் 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் மறுத்தார். அந்தக் கிராமத்துக்குள் நமக்கு இடம் பிடித்துக் கொடுத்தது அரசமைப்பின் 243டி பிரிவு. அது கொடுத்தது பதவியை. பதவிக்குரிய சாவியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த தேர்தல் வரும்போது நம் பெண்கள் மறுபடியும் நிற்பார்கள், வெல்வார்கள். பதவியேற்பு மேடையிலிருந்து இறங்கியதும் அவர்களுக்குச் சால்வை போடுவதோடு நாம் திரும்பிவிடக் கூடாது. அலுவலகத்துக்கு உடன் போய், டோக்கனை வாங்கி, பின் நம்பரை அவர் கையால் மாற்றும் வரை பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஜெய் பீம்.